இடைவெளிக்குப் பிறகு டைம் ட்ரையல்: சேலத்து சைக்கிள்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காய்ச்சல், கைக்குழந்தை, வேலை மாற்றம், விழுந்து முறிந்த தோள்பட்டை எலும்பு என்று ஏதோ ஒன்றால் சைக்கிள் சில மாதம் சுவரோரம் நின்றுவிடுகிறது. திரும்பி வருகிறவர்களில் நிறையப் பேர் செய்யும் முதல் காரியம், வருகிற ஞாயிற்றுக்கிழமையே அடிவாரம் போய் ஏற்காடு ஏறுவதுதான். பாதி மலையில் பழைய நேரத்தைவிடப் பத்து நிமிடம் பிந்தியிருப்பது தெரிந்ததும் மனசு விட்டுப்போகிறது. அடுத்த ஞாயிறு ஆளைக் காணோம்.

இந்த வழிகாட்டி, முன்பு 10 முதல் 40 கிலோமீட்டர் வரை டைம் ட்ரையல் (ஒவ்வொருவராகத் தனியாகக் கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் மோதும் போட்டி) ஓட்டிப் பழகி, ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரை விட்டுப்போனவர்களுக்கு. சுமார் பத்து வாரம் ஆகும். இதில் எதைச் செய்கிறோம் என்பதைவிட எதற்குப் பிறகு எதைச் செய்கிறோம் என்பதில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். அதனால் வரிசையை மாற்றாதீர்கள். மலை கடைசியில் வருகிறது.

1. கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் உடம்பு. டெங்கு, டைபாய்டு, கொரோனா மாதிரி காய்ச்சல் வந்து போயிருந்தால், மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையிலும் வீக்கத்தை விட்டுப்போகும். அந்த நேரத்தில் மூச்சு முட்ட மிதிப்பது ஆபத்து. நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், படபடப்பு எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதில் வீரம் காட்ட எதுவுமில்லை.

ஒரு வாரம், காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துவையுங்கள். உங்கள் இயல்பான எண் தெரிந்துவிடும். பின்னால் ஒரு நாள் அது ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இருந்தால் தூக்கம் போதவில்லை, அல்லது காய்ச்சல் வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றைய கடினப் பயிற்சியைத் தள்ளிவைக்கலாம்.

அடுத்தது சைக்கிள். மாதக்கணக்கில் நின்ற டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் இருக்கும். காற்றடித்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். ட்யூப்லெஸ் என்றால் உள்ளே சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) காய்ந்திருக்கும், புதிதாக ஊற்றுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டையின் தடிமனைப் பாருங்கள். காற்றைக் கல் மாதிரி அடைக்க வேண்டாம்: 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் 70 பிஎஸ்ஐ சுற்றியே போதும். நம் ஊர் ரோட்டில் அதற்கு மேல் போனால் டயர் உருளாமல் குதிக்கும், மிதித்த சக்தி வீணாகும்.

ஹேண்டில்பாரை ஒரு சென்டிமீட்டர் உயர்த்திவையுங்கள். இடுப்பும் பின்தொடையும் இறுகிப்போயிருக்கும்போது பழைய தாழ்ந்த நிலையில் குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஐந்தாவது வாரத்தில் திரும்ப இறக்கலாம். சீட் உயரத்தை மட்டும் மாற்றாதீர்கள். அது கூடினாலும் குறைந்தாலும் முழங்கால்தான் வாங்கிக்கொள்ளும்.

மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் கட்டாயமில்லை. நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் பட்டை, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு இருந்தால் போதும்.

2. முதல் 3 வாரம்: பேசிக்கொண்டே ஓட்டும் வேகம்

பயிற்சி நின்ற முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால், அதே வேகத்துக்கு ஹார்ட் ரேட் ஏறி நிற்கிறது. பழைய 140 இப்போது 155 என்று காட்டுவதைப் பார்த்துப் பலரும் பயந்துபோகிறார்கள். பயப்பட வேண்டாம், சீக்கிரம் போனது சீக்கிரமே திரும்பவும் வரும். தசைக்குள் நடக்கும் மாற்றங்களுக்குத்தான் நாள் பிடிக்கும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் மூட்டும் மூச்சைவிட மெதுவாகவே பழகும். மூச்சு சரியாகிவிட்டது என்று இரண்டாவது வாரமே அழுத்தி மிதிப்பவர்களுக்கு மூன்றாவது வாரம் முழங்கால் வலி வருவது இதனால்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 100 கிலோமீட்டர் வேண்டாம். வாரத்துக்கு நான்கைந்து நாள், 45 முதல் 75 நிமிடம். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். கேடன்ஸ் (நிமிடத்துக்குப் பெடல் சுற்றும் எண்ணிக்கை) 85 முதல் 95 வரை இருக்கும்படி லேசான கியர். கன்னங்குறிச்சி, மூக்கனேரிப் பக்கம் சுற்றி வரலாம். வீராணம், வலசையூர் வழியாகக் குப்பனூர் வரை போய்த் திரும்பலாம். குப்பனூரில் மலை கண்ணுக்கு முன்னால் நிற்கும், ஏறச் சொல்லி இழுக்கும். அங்கேயே திரும்பிவிடுங்கள்.

பழைய குழுவோடு இந்த மூன்று வாரம் போகாதீர்கள். அவர்கள் மெதுவாகப் போவதாகச் சொல்லித்தான் கிளம்புவார்கள். கோரிமேடு தாண்டியதும் யாராவது ஒருவர் எழுந்து மிதிப்பார், நீங்களும் ஒட்டிக்கொள்வீர்கள். ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில் பழைய நேரங்களைத் தேடிப் பார்ப்பதையும் நிறுத்திவையுங்கள். ஒப்பிட வேண்டிய எண் இன்னும் உங்களிடம் இல்லை. அதை எடுப்பது அடுத்த படி.

3. இன்றைய அளவை எடுப்பது

நான்காவது வாரத் தொடக்கத்தில், ஒரு நாள் முழு ஓய்வுக்குப் பிறகு, 20 நிமிடச் சோதனை. வாகனம் குறைந்த, குறுக்குச் சாலை அதிகமில்லாத சமதளம் வேண்டும். விடியற்காலை ஆறு மணிக்கு முன்னால் முடிக்கிற மாதிரி இருந்தால் காற்றும் குறைவு, லாரியும் குறைவு. நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டைத் தேர்ந்தெடுத்தால் எதிர்த்திசையில் பைக் வரும் என்பதை மறக்காதீர்கள். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

20 நிமிடம் நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, பிறகு 20 நிமிடம் சீராக, கடைசி நிமிடம்வரை தாக்குப்பிடிக்கும் அதிகபட்ச வேகத்தில் ஓட்டுங்கள். பவர் மீட்டர் உள்ளவர்கள் சராசரி சக்தியில் 95 சதவீதத்தை எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் அதிகபட்ச சக்தி, என்று எடுத்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் கடந்த தூரம், சராசரி ஹார்ட் ரேட், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். அடுத்த தடவையும் அதே ரோடு, அதே நேரம். இல்லையென்றால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

வரும் எண் பழையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டியது. பழைய எஃப்டிபியை வைத்துப் பயிற்சி செய்கிறவர்கள் ஒவ்வொரு பயிற்சியையும் பாதியில் விட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். வாரம் இரண்டு தோல்வியோடு யாருக்கும் தைரியம் வளராது.

4. வாரம் 4 முதல் 8 வரை: இரண்டே இரண்டு கடின நாள்

இரண்டுக்கும் நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். மற்ற நாட்கள் எல்லாம் முதல் மூன்று வாரத்தின் அதே மெதுவான ஓட்டம்.

முதல் கடின நாள், போட்டி வேகத்தை ஒட்டியது. நான்காம் வாரம் 5 நிமிடம் வீதம் நான்கு தடவை, அடுத்த வாரம் 8 நிமிடம் மூன்று, அதற்கடுத்து 10 நிமிடம் மூன்று. ஏழாம் வாரத்தைப் பாதியாகக் குறைத்து ஓய்வு வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வாரம் 15 நிமிடம் இரண்டு. நடுவில் ஐந்து நிமிடம் சும்மா உருட்டலாம். வேகம் எஃப்டிபியின் 95 முதல் 100 சதவீதம். கருவி இல்லாதவர்களுக்கு: கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியும், இரண்டாவது வார்த்தை வராது.

இரண்டாவது கடின நாள், 3 நிமிடம் வீதம் ஐந்து தடவை, நடுவில் 3 நிமிடம் இடைவெளி. இது போட்டி வேகத்தைவிடக் கடினம். உடம்பு பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் உச்ச அளவை உயர்த்துவதற்காக.

இரண்டு நாளுக்கும் ஒரே சட்டம்: கடைசித் தடவை முதல் தடவையின் வேகத்திலேயே முடிய வேண்டும். குறைந்தால் முதலில் அதிகமாக அழுத்திவிட்டீர்கள் என்று பொருள். எங்கள் குழுவில் திரும்பி வந்த ஒரு தங்கை முதல் நாள், “அண்ணா, ரெண்டாவது தடவையே தொடை எரிஞ்சு நின்னுட்டேன், எனக்கு இனிமே வராதுண்ணா” என்றாள். அடுத்த தடவை அவளுடைய திரையில் வேகம் தெரியாதபடி ஒரு துண்டு டேப் ஒட்டி, ஹார்ட் ரேட்டை மட்டும் பார்க்கச் சொன்னோம். முதல் தடவை அவளுக்கே சலிப்பாக இருக்கும் அளவுக்கு மெதுவாகத் தோன்றியது. நான்காவதை முடித்தபோது, “இன்னொண்ணு போகலாமாண்ணா?” என்றாள். போகவிடவில்லை. மிச்சம் இருக்கும்போது நிறுத்துவதும் பயிற்சிதான். அடுத்த முறை சைக்கிளை எடுக்கும்போது பயம் இருக்காது.

5. வேகத்தைப் பங்கிடுதல்

டைம் ட்ரையலில் நேரம் போவது பெரும்பாலும் முதல் மூன்று நிமிடத்தில்தான். கால் புதிதாக இருக்கிறது, படபடப்பு இருக்கிறது, பார்க்க ஆள் நிற்கிறார்கள். எஃப்டிபிக்கு வெகு மேலே மிதித்தாலும் முதல் நிமிடம் வலிக்காது. வலி தாமதமாக வந்து, பிறகு கடைசிவரை போகாது.

சமதளத்தில் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 33க்குப் போக, வேகத்தில் 10 சதவீதம்தான் கூட்டுகிறார்; ஆனால் காற்றுக்கு மட்டும் சுமார் 33 சதவீதம் கூடுதல் சக்தி தர வேண்டும். தொடக்கத்தில் ஒரு கிலோமீட்டர் பறந்து சம்பாதிப்பது ஒரு சில விநாடிதான். அதற்குக் கொடுக்கும் விலை அதைவிடப் பல மடங்கு.

அதனால் 20 கிலோமீட்டரை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் 5 கிலோமீட்டர், “இவ்வளவு லேசாகப் போகலாமா” என்று சந்தேகம் வர வேண்டும். அடுத்த 10, பயிற்சியில் பழகிய அந்த ஒரு வார்த்தை வேகம். கடைசி 5, கையில் மிச்சம் இருப்பதை எல்லாம் செலவழியுங்கள். சந்தேகமே வராமல் முதல் 5 போய்விட்டால் நீங்கள் வேகமாகத்தான் போயிருக்கிறீர்கள்.

காற்று உள்ள நாளில் ஒரு கணக்கு. போகும்போது முதுகில் காற்று, 10 கிலோமீட்டரை மணிக்கு 40 வேகத்தில் 15 நிமிடத்தில் முடிக்கிறீர்கள். திரும்பும்போது எதிர்க்காற்று, மணிக்கு 30, ஆகவே 20 நிமிடம். மொத்தம் 35 நிமிடம். சராசரி 35 வரும் என்று நினைப்போம், 34.3தான் வரும். மெதுவான பகுதியில்தான் அதிக நேரம் சாலையில் இருக்கிறோம், ஆகவே அங்கே கொஞ்சம் கூடுதலாகவும் காற்று தள்ளும்போது கொஞ்சம் குறைவாகவும் மிதிப்பதே லாபம். புதியவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள்: காற்று தள்ளும்போது வேகம் காட்டும் எண்ணில் மயங்கி அழுத்தி, திரும்பும்போது காலியாகிவிடுகிறார்கள்.

குனிந்து உட்காரும் நிலையை இந்தப் பயிற்சி நாட்களில்தான் பழக வேண்டும். காற்று எதிர்ப்பில் பெரும்பங்கு சைக்கிளால் வருவதில்லை, நம் உடம்பால் வருகிறது. விலையுயர்ந்த சக்கரம் வாங்கும் முன், முழங்கையை மடக்கி, தலையைத் தோள்களுக்கு நடுவில் இறக்கி 15 நிமிடம் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். ஏரோ பார் (முழங்கையை ஊன்றிக் குனிய முன்னால் நீட்டிய கைப்பிடி) வைத்திருப்பவர்கள் வாகனம் உள்ள ரோட்டிலும் மலை இறக்கத்திலும் அதைப் பிடிக்கவே கூடாது. கை பிரேக்கில் இருக்காது.

6. தொடக்கமும் திருப்பமும்

இதை யாரும் பயிற்சி செய்வதில்லை. போட்டியன்று எல்லோரும் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

பெரும்பாலும் 30 விநாடி அல்லது ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக விடுவார்கள். பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்வார், இரண்டு காலும் பெடலில் இருக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு இது பதற்றம். ஒரு நண்பரைப் பிடிக்கச் சொல்லி வீட்டு வாசலில் நாலைந்து முறை செய்து பாருங்கள். நடுத்தர கியர், வலது பெடல் முன்னால் சற்று மேலே. கனமான கியரில் நின்றால் முதல் பத்து மிதியிலேயே தொடை அடைத்துக்கொள்ளும்.

சமதளப் போட்டி என்றால் பாதி வழியில் ஒரு கூம்பைச் சுற்றித் திரும்ப வேண்டியிருக்கும். ஆளில்லாத லேஅவுட் தெருவில் செங்கல் வைத்துப் பழகுங்கள். கூம்புக்கு முன்பே லேசான கியருக்கு மாறி, பிரேக் பிடித்து முடித்து, பார்வையைக் கூம்பிலிருந்து எடுத்துத் திரும்பிப் போக வேண்டிய பக்கம் வையுங்கள். எங்கே பார்க்கிறோமோ அங்கே சைக்கிள் போகும். கியர் மாற்ற மறந்தவர்கள் திரும்பியதும் எழுந்து நின்று திணறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

உங்களுக்கு ஒரு நிமிடம் பின்னால் கிளம்பியவர் முந்திப் போனால் அவர் சக்கரத்தில் ஒட்டாதீர்கள், அது விதிமீறல். அவரைத் துரத்தவும் வேண்டாம். அந்த நொடியில் சொந்த வேகத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் திரும்பி வருகிறவருக்கு மிகக் கடினமான காரியம், ஆகவே பயிற்சியிலேயே வேகமான ஒருவரை முந்தச் சொல்லிப் பழகுங்கள்.

7. ஒன்பதாம் வாரம்: இப்போது மலை

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகிற ஏற்றம் இது, ஆகவே 20 நிமிடச் சோதனையின் வேகம் இங்கே செல்லாது. எஃப்டிபியின் 90 சதவீதத்துக்கு மேலே போகாதீர்கள். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் கியர் இருந்தால் முழங்கால் பிழைக்கும்.

முதல் தடவை முழு மலை வேண்டாம். பாதி வளைவுகள் ஏறித் திரும்புங்கள். முழுதாக ஏறுவது பத்தாம் வாரப் போட்டி முடிந்த பிறகு.

நாம் இடதுபக்கம் போகிறவர்கள். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டத்தில் மாட்டுவோம், அங்கே சரிவு திடீரென்று கூடும். வளைவுக்கு முன்பே ஒரு கியர் லேசாக்கி, உட்கார்ந்தபடியே சுற்றுங்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவு வெளிவட்டம், அங்கே மூச்சு விடக் கொஞ்சம் இடம் கிடைக்கும். தண்ணீர் குடிக்க அதுதான் நேரம், பின்னால் வாகனம் வரவில்லை என்றால்.

விழுந்த பிறகு திரும்பியவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பயம். அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. இரண்டு வளைவுகளுக்கு நடுவிலுள்ள ஒரு துண்டை மட்டும் எடுத்து, நம்பிக்கையான ஒருவரோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பழகுங்கள். வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போது பிரேக். வளைவுக்குள் பிடிக்க நேர்ந்தால் மெல்ல மட்டும். தொடர்ந்து இழுத்துப் பிடித்தால் ரிம் சூடாகும், அதனால் விட்டுவிட்டுப் பிடியுங்கள். பேருந்து கொண்டை ஊசியில் முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும், ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு நில்லுங்கள். குரங்குகள் உள்ள இடத்தில் வாழைப்பழத்தை வெளியே எடுக்காதீர்கள்.

மே மாதம் கோடை விழா நாட்களிலும், வடகிழக்குப் பருவமழை வலுத்த நாட்களிலும் மலையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.

8. வெயிலும் சாப்பாடும்

மார்ச்சிலிருந்து சேலத்து வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். வெயிலில் ஹார்ட் ரேட் தானாக ஏறும், அதைப் பயிற்சி குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரத்துக்கு மேலே என்றால் உப்பும் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து.

போட்டி ஆறு மணிக்கு என்றால் மூன்று மணிக்கு எழுந்து இட்லி சாப்பிட யாருக்கும் இறங்காது. முந்தின இரவு சீக்கிரமாகச் சாதம் நிறையச் சாப்பிட்டுப் படுங்கள், எண்ணெயும் காரமும் குறைவாக. காலை நாலரைக்கு ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம். காபி பழக்கம் உள்ளவர்கள் ஐந்து மணிக்குக் குடிக்கலாம். அதன் வேலை முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். புதிதாக எதையும் அன்று சாப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

9. பத்தாம் வாரம்: முதல் போட்டி

10 அல்லது 20 கிலோமீட்டர் சமதளப் போட்டியாகத் தேர்ந்தெடுங்கள். 40 வேண்டாம், மலைப் போட்டி வேண்டாம். அந்த வாரம் ஓட்டும் நேரத்தைப் பாதியாக்கி, ஒரே ஒரு நாள் 5 நிமிடம் இரண்டு தடவை மட்டும் போட்டி வேகத்தில்.

நேரத்தை இலக்காக வைக்காதீர்கள். காற்று, வெயில், ரோடு எதுவும் உங்கள் கையில் இல்லை. மூன்று விஷயங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளுங்கள்: முதல் 5 மெதுவாக, திருப்பத்துக்கு முன் கியர், பாதிக்கு மேல் குனிந்த நிலையை விடாதே. மூன்றையும் செய்திருந்தால் அன்று உங்கள் போட்டி நன்றாகவே நடந்திருக்கிறது, பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும்.

தொடங்கும் முன் 20 நிமிடம் சூடேற்றம். அதில் கடைசியில் ஒரு நிமிடம் வீதம் இரண்டு தடவை போட்டி வேகத்துக்குப் போய் வாருங்கள். தொடக்கக் கோட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டால் போதும், அரை மணி நேரம் வெயிலில் நின்றால் சூடேற்றியது எல்லாம் வீண்.

முடிந்ததும் அன்றைக்கே, குளிக்கும் முன், நோட்டில் எழுதுங்கள்: முதல் பாதி நேரம், இரண்டாம் பாதி நேரம், காற்று, சராசரி ஹார்ட் ரேட், எந்த இடத்தில் மனசு தளர்ந்தது. இரண்டு பாதிக்கும் காற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், அடுத்த சுற்றுப் பயிற்சியில் வேகத்தை 3 சதவீதம் கூட்டலாம். இரண்டாம் பாதி சரிந்திருந்தால் வேகத்தைக் கூட்டாமல் ஐந்தாம் பகுதிப் பயிற்சியையே இன்னும் இரண்டு வாரம் செய்யுங்கள். போட்டிக்குப் பிறகு இரண்டு நாள் லேசான ஓட்டம் மட்டும். போட்டி முடிந்த மூன்றாவது வாரம், முன்பு சோதனை எடுத்த அதே ரோட்டில், அதே நேரத்தில், 20 நிமிடச் சோதனையைத் திரும்ப எடுங்கள்.